ராஜாமணி அம்மா பொறுக்கிய துணி

உளவாளி என்றதும் துப்பாக்கி, மாறுவேடம், இருட்டில் தப்பி ஓடுவது என்றுதான் நம் மனசுக்குள் படம் ஓடுகிறது. சரஸ்வதி ராஜாமணி அம்மாவின் வாழ்க்கையில் இவை எல்லாமே இருந்தன. பதினாறு வயதில் நேதாஜியின் படையில் சேர்ந்து, ஒற்று வேலை பார்த்து, காலில் குண்டு வாங்கி, மிச்ச ஆயுள் முழுக்க அந்தக் காலைத் தாங்கித் தாங்கி நடந்தவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் குண்டில் ஆரம்பித்து அந்தக் குண்டிலேயே முடித்துவிடுகிறார்கள். நான் வேளாங்கண்ணிக்காரி. எழுபதைத் தாண்டிவிட்டேன். பிழைப்பு முழுக்கத் தையல். எனக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் கதையை முதலிலிருந்து சொல்லிவிட வேண்டும்.

1927 ஜனவரி 11இல் ரங்கூனில் பிறந்தவர். அப்பாவுக்குப் பூர்வீகம் திருச்சி. தங்கச் சுரங்கம் வைத்திருந்தார். ரங்கூனில் இருந்த இந்தியர்களில் பெரிய பணக்காரர்களில் ஒருவர். சுதந்திரப் போராட்டத்துக்கு அள்ளிக் கொடுத்த குடும்பம். காவிரிக்கரையிலிருந்து பர்மாவுக்குப் போனவர்கள் கதை எங்கள் பக்கத்தில் புதிதல்ல. 1937 வரைக்கும் பர்மா வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. லேவாதேவிக்குப் போனவர்கள் உண்டு, மூட்டை தூக்கப் போனவர்கள் உண்டு, நெல் அறுக்கப் போனவர்கள் உண்டு. மலாயாவுக்குப் போகிறவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவார்கள். "அக்கரைக்குப் போயிருக்காங்க" என்றால் எங்கள் ஊரில் அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இல்லை, கடலுக்கு அந்தப் பக்கம்.

நான் பாவாடை கட்டிய வயதில் எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், அங்கிருந்து நேதாஜியின் படையான ஐ.என்.ஏ.யில் சேர்ந்து, எல்லாம் முடிந்து வெறுங்கையோடு திரும்பியவர். காக்கிச் சட்டையும் கால்சட்டையும் போட்ட பொம்பளைப் பிள்ளைகள் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து அணியாக நடந்து போனதை அவர் சொல்லும்போதெல்லாம் திண்ணையில் இருக்கிற பெரியவர்கள் சிரிப்பார்கள். "பொம்பளைப் புள்ளைவ கையில துப்பாக்கியா, மாமா?" அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "என் கண்ணால பார்த்தேன் தம்பி" என்பார். அதற்கு மேல் வாதாட மாட்டார். அடுத்த தடவை பேச்சு வரும்போது திரும்பவும் அதையே, அதே நிதானத்தோடு சொல்லுவார்.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்த நேதாஜி, பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்று அந்த மாதமே கேட்டார். டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்று கேப்டன் லட்சுமி ஆனார். அக்டோபர் 22இல் பயிற்சி முகாம் திறந்தது. ராணி ஜான்சி படை என்று பெயர். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் தமிழ்ப் பெண்கள்; இந்தியாவைக் கண்ணாலேயே பார்க்காதவர்கள். கோலாலம்பூரில் வசதியான வீட்டுப் பெண்ணான ஜானகி, கூட்டத்தில் நேதாஜி பேசியதைக் கேட்டுக் காதில் கிடந்த வைரத்தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்தார். பின்னாளில் மலேசியாவில் பெரிய பொதுவாழ்வு அவருக்கு. 2000ஆம் ஆண்டு இந்தியா பத்மஸ்ரீ கொடுத்தது. இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டபோது எங்கள் தெருத் தாத்தாவும் இல்லை, சிரித்தவர்களும் இல்லை.

ராஜாமணிக்கு வருவோம். 1941 டிசம்பர் 23இல் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அடுத்த மார்ச்சில் ஊர் அவன் கைக்குப் போய்விட்டது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டையும் மலையையும் நடந்தே கடந்து ஊர் திரும்பினார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் ஆயிரமாயிரம் பேர் செத்தார்கள். ராஜாமணியின் குடும்பம் ரங்கூனிலேயே இருந்தது. அங்கே நேதாஜி பேசியதைக் கேட்ட பதினாறு வயதுப் பெண், தன்னிடம் இருந்த நகை அத்தனையையும் கொண்டுபோய்ப் படை நிதிக்குக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் நேதாஜியே அந்த நகைகளை எடுத்துக்கொண்டு வீடு தேடி வந்தார். விவரம் தெரியாத பிள்ளை கொடுத்துவிட்டது, திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்குவதற்கு முன் மகள் குறுக்கே வந்தாள்: இவை அப்பாவுடையவை அல்ல, என்னுடையவை, கொடுத்தது கொடுத்ததுதான். செல்வம் வரும் போகும், அறிவு அப்படிப் போகாது என்ற கருத்தில் பேசி, நேதாஜி அவளுக்குச் சரஸ்வதி என்று பெயர் வைத்தார். ராஜாமணி சரஸ்வதி ராஜாமணி ஆனது அன்றைக்குத்தான். இந்தக் கதைகளை எல்லாம் முதிய வயதில் அவரே தன் வாயால் சொல்லியிருக்கிறார்.

பெண் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள் நான். ஒரு ஜோடி கம்மல் வாங்க எத்தனை சீட்டுக் கட்டியிருப்போம், எத்தனை ரவிக்கை தைத்திருப்போம் என்று எனக்குத் தெரியும். அவர்கள் பணக்காரர்கள், கொடுத்தார்கள் என்று இதை ஒதுக்கிவிட முடியவில்லை. உள்ளதில் ஒரு வளையலையோ சங்கிலியையோ கொடுத்திருந்தாலும் ஊர் புகழ்ந்திருக்கும். அந்தப் பெண் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அந்த அப்பாவையும் நான் நினைத்துக்கொள்கிறேன். மகளை அதட்டி உள்ளே அனுப்பாமல், அவள் பேச்சை அவளையே பேசவிட்ட மனுஷன்.

அதற்குப் பிறகு ஒற்று வேலை. தலைமுடியை வெட்டிக்கொண்டு, பையன் உடுப்புப் போட்டுக்கொண்டு, மணி என்ற பெயரில் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகளின் வீடுகளிலும் முகாம்களிலும் எடுபிடியாகப் போனார். கூட வேறு சில பெண்களும் அதே வேஷத்தில். துணி துவைப்பது, பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவது, சொன்ன இடத்துக்கு ஓடுவது. கூடவே, காதில் விழுகிறதை எல்லாம் படைக்குத் தெரிவிப்பது. இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இப்படியே போனது.

படித்தவர்கள் இந்த இடத்தில் ஆச்சரியப்படுகிறார்கள்: ஒரு பெண் பையன் வேஷத்தில் இவ்வளவு நாள் எப்படித் தப்பினாள்? எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் வீட்டுக்காரர் தையற்கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து காஜா எடுத்தும் பட்டன் தைத்தும் என் இளவயது போனது. வருகிறவர்கள் அளவு கொடுத்தபடியே பேசுவார்கள். யார் வீட்டுக் கல்யாணம் எதனால் நின்றது, எந்த வயல் யாருக்குக் கைமாறப் போகிறது, எந்த அண்ணன் எந்தத் தம்பிமேல் வழக்குப் போடப் போகிறான் என்று எல்லாம் என் தலைக்கு மேலே பேசப்படும். கடையில் யார் இருந்தார்கள் என்று பிறகு கேட்டால் "டெய்லர் மட்டும்தான் இருந்தார்" என்று சத்தியம் செய்வார்கள். தலைகுனிந்து வேலை செய்கிறவளை யாரும் ஆளாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. பூட்ஸ் துடைக்கிற பையனின் முகத்தை அந்த அதிகாரிகளில் எத்தனை பேர் ஒருமுறையாவது நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்?

அந்தக் காலத்து ராஜாக்களுக்கே இது தெரிந்திருந்தது. அர்த்தசாஸ்திரம் சந்நியாசினி வேஷத்திலும் பணிப்பெண் வேஷத்திலும் ஒற்றர்களை வைக்கச் சொல்கிறது. வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே தந்திருக்கிறார். சிவகங்கைச் சீமையில் வேலு நாச்சியாருக்காகக் குயிலி ஒற்று வேலை பார்த்ததாக இன்றும் ஜனங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் ராஜாமணியை இந்தியாவின் முதல் பெண் உளவாளி என்று எழுதும்போது எனக்கு மனசு ஒப்புவதில்லை. முதல் ஆள் யாரென்று கண்டுபிடிக்க முடியாதபடி இருப்பதுதானே அந்த வேலை.

அதே வருஷங்களில் உலகத்தின் இன்னொரு மூலையில் இன்னொரு இந்திய ரத்தம் இதே வேலையில் இருந்தது. நூர் இனாயத் கான், திப்பு சுல்தான் வம்சத்தில் வந்த பெண். குழந்தைகளுக்குக் கதை எழுதியவர், வீணை வாசிக்கத் தெரிந்தவர். பிரிட்டன் அவரை 1943 ஜூனில் ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்ஸுக்கு வானொலிக் கருவியோடு அனுப்பியது. காட்டிக்கொடுக்கப்பட்டு, 1944 செப்டம்பர் 13இல் டாஹாவ் வதைமுகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். முப்பது வயது. நூர் எந்த அரசுக்காக உயிரைக் கொடுத்தாரோ அதே அரசை எதிர்த்து ராஜாமணி ஓடிக்கொண்டிருந்தார். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று பட்டிமன்றம் வைக்க எனக்கு விருப்பம் இல்லை. அடிமைப்படுத்துகிறவன் யார் என்று அவரவர் நின்ற இடத்திலிருந்து பார்த்து, அவனுக்கு எதிராகப் போனார்கள். எனக்கு இரண்டு பேருமே நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

ராஜாமணியோடு வேலை பார்த்த பெண்களில் துர்கா என்று ஒருத்தி. பிடிபட்டால் உயிரோடு சிக்காதே, சுட்டுக்கொள் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. துர்கா அப்படிச் செய்யவில்லை, உயிரோடு மாட்டிக்கொண்டாள். அவளை விட்டுவிட்டுப் போக ராஜாமணிக்கு மனம் வரவில்லை. நாட்டியக்காரி வேஷத்தில் முகாமுக்குள் போய், காவல் அதிகாரிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, துர்காவை வெளியே கொண்டுவந்தார். ஓடும்போது காவலாளி சுட்ட குண்டு வலது காலில் பாய்ந்தது. ரத்தம் ஒழுகும் காலோடு ஒரு மரத்தில் ஏறி மூன்று நாள் ஒளிந்திருந்து, தேடுதல் ஓய்ந்த பிறகு இறங்கித் தப்பினார்கள்.

பதினாறு பதினேழு வயதில் தப்புச் செய்யாதவர் யார்? துர்கா செய்தது தப்பென்றே வைத்துக்கொள்வோம். தப்புச் செய்தவளைத் தப்போடு விட்டுவிடாமல் திரும்பிப் போய்க் கூட்டிவந்த ஒருத்தி அவளுக்கு இருந்தாள். அந்த மூன்று நாளும் மரத்தின்மேல் இருவரும் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிக்கிறேன். "என்னாலதானே உனக்கு இப்படி" என்று துர்கா அழுதிருப்பாள். இவர் அவளைத் திட்டியிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது.

1945இல் போர் முடிந்து படை கலைந்தது. குடும்பம் சுரங்கம், வீடு, தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா வந்து சேர்ந்தது. பிறகு நீண்ட மௌனம். சென்னையில் ராயப்பேட்டைப் பக்கம் சின்ன வீட்டில், சுவரெல்லாம் நேதாஜி படங்களோடு, தனியாக வயதாகிக்கொண்டிருந்தார். 2005இல் தமிழக அரசு ஐந்து லட்சம் ரூபாயும் வாடகையில்லாத வீடும் கொடுத்தது. தங்கச் சுரங்கத்துக்காரர் மகள் என்பதை இந்த இடத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். அந்த முதிய வயதில் அவர் தையற்கடைகளுக்குப் போய், வெட்டி வீசிய துண்டுத்துணிகளையும் கிழிந்த துணிகளையும் கேட்டு வாங்கிவந்து, அவற்றைக்கொண்டு உடுப்பு தைத்து அநாதை இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பத்திரிகையில் இதைப் படித்ததும் நான் பத்திரிகையை மடியில் வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தையல் தெரியாதவர்களுக்கு இது ஒரு வரிச் செய்தி. எனக்கு அது அப்படி இல்லை.

வெட்டுத்துணி என்றால் என்னவென்று சொல்கிறேன். அக்குள் வளைவில் விழுகிற பிறைத்துண்டு, கழுத்து வெட்டில் விழுகிற அரைவட்டம், கை வெட்டியதன் ஓரம், விரல் அகல நாடா. பருத்தியும் டெரிகாட்டனும் பாலியஸ்டரும் கலந்து கிடக்கும். ஒன்று துவைத்தால் சுருங்கும், ஒன்று சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் முதல் சலவையிலேயே இழுத்துக்கொள்ளும். அதனால் முதலில் இனம் பிரிக்க வேண்டும். துவைத்து, இஸ்திரி போட்டு, இழை போகிற திசை பார்த்து, ஒன்றோடு ஒன்று இணைத்து ஒரு முழத் துணியாக்கிய பிறகுதான் கத்தரிக்கோல் வைக்க முடியும். இணைப்பின் உள்பக்கத்தை மடித்து ஓரம் அடிக்காவிட்டால் குழந்தையின் உடம்பில் உறுத்தும். புதுத்துணியில் ஒரு மணி நேரத்தில் முடிகிற கவுன் இதில் ஒரு பகலைத் தின்றுவிடும். கூலிக்கு என்றால் எந்தத் தையல்காரரும் தொடமாட்டார். கால் ஊனமான ஒரு மூதாட்டி கடை கடையாக ஏறி இறங்கி இதைக் கேட்டு வாங்கிவந்து செய்தார்.

இதன் அருமை எனக்குப் புரிந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலுக்கு வந்த வெளியூர் ஜனம் கடற்கரையில் நின்றிருந்த காலை நேரம். அன்றைக்கு நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. எங்கள் ஊரில் அதை விவரிக்கக் கேட்கிறவர்களும் இல்லை, சொல்லுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் வீட்டுக்கு வீடு சாவு.

அடுத்த வாரத்திலிருந்து லாரி லாரியாகத் துணி வந்தது. நல்ல மனசோடு அனுப்பியவர்கள் ஏராளம், அவர்களை ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். ஆனால் மூட்டையைப் பிரித்தால் பாதிக்குமேல் பழசு. கிழிசல், கறை, பொத்தான் இல்லாத சட்டை, எங்கள் வெயிலில் யாரும் போடமுடியாத கம்பளிச் சட்டை. நாகப்பட்டினம் சாலையோரங்களில் அவை குவிந்து கிடந்து பனியிலும் தூசியிலும் மக்கின. ஜனங்கள் எடுக்கவில்லை. முகாமில் நான் பேசிய ஒரு மீனவப் பெண் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறாள். மாமியாரையும் ஒரு பிள்ளையையும் இழந்தவள். "எவளோ உடுத்திக் கழிச்சத நான் ஏங்க்கா உடுத்தணும்? கடலுக்குப் போயி சம்பாரிச்சுப் புதுசு உடுத்துனவங்க நாங்க. ஒண்ணே ஒண்ணு, புதுசா குடுக்கச் சொல்லுங்க" என்றாள். பக்கத்தில் நின்ற ஒருவர், இந்த நிலையிலும் வீறாப்பைப் பார் என்று முணுமுணுத்தார். எனக்கு அவள் சொன்னதில் ஒரு பிசகும் தெரியவில்லை.

புடவைகள் குவிந்தன, உள்பாவாடை வரவில்லை. ரவிக்கை வந்தால் அளவு பொருந்தவில்லை. அப்போது எங்கள் தெருப் பெண்கள் சிலரும் கன்னியர் மடத்து சிஸ்டர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். குவியலில் நைந்துபோகாத புடவைகளாகப் பொறுக்கி, வெந்நீரில் துவைத்து, நல்ல பாகத்தை மட்டும் வெட்டி உள்பாவாடையும் குழந்தைக் கவுனும் தைத்தோம். மடித்து, இஸ்திரி போட்டு, ஆள் அளவு கேட்டுக் கொடுத்தபோது அதே பெண் வாங்கிக்கொண்டாள். அதே பழைய துணிதான். நடுவில் ஒருவர் கை பட்டு, எனக்காக மெனக்கெட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்ததும் அதை வாங்குவதில் அவளுக்குக் கூச்சம் இருக்கவில்லை.

அந்த நாட்களில்தான் சென்னையில் ராஜாமணி அம்மா தன் தியாகி ஓய்வூதியப் பணத்தைச் சுனாமி நிவாரண நிதிக்குக் கொடுத்திருக்கிறார். அவருக்கு அப்போது எழுபத்தேழு, எழுபத்தெட்டு வயது. அந்த மாதத்து அரிசிக்கும் மருந்துக்கும் அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்திருப்பார் என்று நினைக்கிறேன். எங்கள் கரையை எழுப்பிய நிதியில் அந்தப் பணமும் கலந்திருக்கிறது. எந்த வீட்டுச் செங்கலாக, எந்தப் படகின் பலகையாக ஆனதோ.

ரங்கூனில் நகையைக் கொடுத்தபோது நேதாஜி எதிரே இருந்தார். முழக்கம் இருந்தது, பதினாறு வயதின் சூடு இருந்தது. ஓய்வூதியத்தைக் கொடுத்தபோதும் துண்டுத்துணி கேட்டுக் கடை வாசலில் நின்றபோதும் அதில் ஒன்றும் இல்லை. கைதட்ட ஆள் இல்லாத அறுபது வருஷங்களைக் கடந்து அந்தக் குணம் அப்படியே இருந்ததுதான் என்னை இப்படி எழுதவைக்கிறது. குண்டடி ஓர் இரவில் நேர்வது. வயதான பிறகும் ஒவ்வொரு காலையிலும் எழுந்து, வலிக்கிற காலோடு, யாரோ ஒரு பிள்ளைக்கு உறுத்தாமல் ஓரம் அடிப்பது எனக்கு அதைவிடக் கடினமாகத் தெரிகிறது.

2018 ஜனவரி 13இல் இறந்தார், தொண்ணூற்றொன்றாவது பிறந்தநாள் முடிந்து இரண்டாம் நாள். தன் படைச் சீருடையையும் பட்டைகளையும் 2008இலேயே கட்டாக்கில் நேதாஜி பிறந்த வீட்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருந்தார். அவர் தைத்த குழந்தைக் கவுன் ஒன்றும் அங்கே அந்தச் சீருடைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது என் ஆசை. ஆனால் அவை எல்லாம் பிள்ளைகள் போட்டுக் கிழித்துத் தீர்ந்திருக்கும். நன்றாகத் தைத்த உடுப்புக்கு அதுதான் நியாயமான முடிவும்கூட.

நேதாஜி பிறந்தநாளுக்குப் பள்ளியில் பேச்சுப்போட்டி என்று என் பேத்தி வந்து நின்றாள். ராஜாமணி அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்து நிமிஷம்தான் கொடுப்பார்கள். மாறுவேடம், துர்கா, மரம், குண்டு எல்லாம் அவளுக்கு வேண்டும். "துணியைப் பத்தியும் சொல்லும்மா, ரெண்டு நிமிஷமாவது" என்றேன். "அது யாரு பாட்டி கேப்பா? கை தட்டமாட்டாங்களே" என்றாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மரத்தில் ஒளிந்திருந்த பகுதியைச் சுருக்கிக்கொண்டு, துணிக்கு ஒரு நிமிஷம் ஒதுக்கினாள். வெட்டுத்துணி எப்படி இருக்கும் என்று காட்ட, என் தையல் பெட்டியிலிருந்து ஒரு பிறைத்துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.